காதலும் போரும் தெய்வமும்: ‘லவ்லி வார்’ என்னும் புதினத்தை முல்லைப்பாட்டின் துணைகொண்டு சுவைத்தல்

1. முன்னுரை

போர்க்களத்தைப் பின்னணியாகக் கொண்டு காதற்கதை புனைவது மேனாட்டுப் புதின எழுத்தாளர்க்குப் பழகிய நெறி. அக்கதையினுள் கிரேக்கத் தொன்மத்தைப் புகுத்திப் பழந்தெய்வங்களையே கதை சொல்வோராக அமைப்பது அருகிய நெறி. அமெரிக்க எழுத்தாளர் ஜூலி பெர்ரி 2019-இல் வெளியிட்ட ‘லவ்லி வார்’ இவ்வருநெறியில் அமைந்த புதினம். இதனைத் தமிழ் மாணாக்கர் விரும்பிப் படிக்கின்றனர். படித்தபின், ‘இன்பமாக இருந்தது, ஆயின் இவ்வின்பம் தக்கதா?’ என ஐயுறுவாரும் உளர். இலக்கக்கணக்கில் மாந்தர் மடிந்த போரைக் காதலாலும் தெய்வத்தாலும் அழகு செய்து காட்டலாமா என்பதே அவ்வையத்தின் உட்பொருள். ஐயம் நேரியது, அதனை ஒதுக்கிவிட்டு நூலைப் புகழ்தல் திறனாய்வாகாது.

இக்கட்டுரையாளர் இந்நூலைப் படித்தது குந்தாரப்பள்ளியில். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் அது. ஓசூர்த் தொழிற்கூடங்களுக்குச் செல்லும் சுமையுந்துகள் இரவும் பகலும் அவ்வழியே ஓடுகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கின்றன. இவ்வூர்க்கு அண்மையில் உள்ள சின்னக்கொத்தூர்ப் பகுதியே 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போசள மன்னன் வீர இராமநாதன் இருந்து ஆண்ட குந்தாணி என்பர். அப்பகுதியிலும் மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் நடுகற்கள் மிகுதி. போரில் பட்டவனையும், அவனை விண்ணுக்கு ஏற்றிச் செல்லும் தெய்வ மகளிரையும் ஒரே கல்லில் காட்டுவன அவற்றுட் பல. போரையும் தெய்வத்தையும் இணைத்துக் காணும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இக்கற்களே சான்று. ஆதலின் மேற்கூறிய ஐயத்தை ஆராய இவ்விடம் பொருத்தமானதே.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூவகைப் பொருட்பாகுபாட்டை அளவுகோலாகவும், பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டை ஒப்புநோக்கும் இலக்கியமாகவும் கொண்டு, இப்புதினம் தரும் சுவையின் காரணத்தையும் அச்சுவை குன்றும் இடத்தையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கதையும் அதன் கட்டும்

புதினம் இரண்டு அடுக்குகளால் ஆயது. புறவடுக்கு 1942-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நியூயார்க் நகரத்து மன்ஹாட்டனில் ஒரு விடுதியில் நிகழ்வது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. காதற்றெய்வமாகிய அப்ரோடைட்டி, போர்த்தெய்வமாகிய ஏரஸுடன் அங்குக் கூடியிருக்கின்றாள். அவள் கணவனும் கொல்லுத்தொழிலின் தெய்வமும் ஆகிய ஹெபஸ்டஸ் தான் இயற்றிய பொன்வலையில் இருவரையும் அகப்படுத்துகின்றான். அவ்வறையே வழக்கு மன்றமாகின்றது. காதல் போரை நாடுவது ஏன் என்னும் வினாவிற்கு விடையாக அப்ரோடைட்டி மாந்தர் இருவேறு இணையரின் கதையைச் சொல்லத் தொடங்குகின்றாள். அவள் ஒருத்தியே சொல்வதில்லை. போர்க்களத்தை ஏரஸும், இசையை அப்பல்லோவும், இறப்பை ஹேடஸும் தத்தம் வாயால் கூறுகின்றனர்.

அகவடுக்கு முதல் உலகப்போர்க் காலத்தது. 1917-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனின் கிழக்குப் பகுதியாகிய பாப்லரில், திருச்சபை நடத்திய நடன மாலையொன்றில் பியானோ வாசிக்கும் ஹேசல் என்னும் நங்கையை ஜேம்ஸ் என்னும் இளைஞன் காண்கின்றான். அவன் படைக்குச் செல்லுமுன் அவர்கட்குக் கிடைத்தவை சில நாட்களே. பின்னர் ஹேசல் பிரான்சு நாட்டின் செயின்ட் நாசேர் துறைநகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய படைஞர் விடுதியில் தொண்டாற்றச் செல்கின்றாள். அங்குக் கொலெட் என்னும் பெல்ஜிய நாட்டுப் பாடகி அவட்குத் தோழியாகின்றாள். கொலெட் பிறந்த தினான் நகரில் 1914 ஆகஸ்ட் 23-ஆம் நாளையொட்டி ஜெர்மானியப் படையினர் பொதுமக்கள் 674 பேரைக் கொன்றனர் என்பது வரலாறு. அக்கொடுமையில் குடும்பத்தையும் காதலனையும் இழந்தவளாக அவளை ஆசிரியர் படைத்துள்ளார். நான்காமவன் ஆப்ரி. அவன் நியூயார்க்கின் கறுப்பினப் படைப்பிரிவில் பணியாற்றும் இசைஞன். ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்னும் உண்மை மாந்தர் நடத்திய புகழ்பெற்ற இசைக்குழுவைச் சேர்ந்தவன். கொலெட்டுக்கும் ஆப்ரிக்கும் இடையே முகிழ்க்கும் அன்பே இரண்டாம் இணையின் கதை.

ஆசிரியர் வரலாற்றைத் திரையாக மட்டும் தொங்கவிடவில்லை. 1918 மார்ச் 21-ஆம் நாள் ஜெர்மானியர் தொடுத்த பெருந்தாக்குதலில் பிரித்தானியரின் ஐந்தாம் படை சிதைவுற்ற நிகழ்ச்சி ஜேம்ஸின் உள்ளத்தைச் சிதைக்கும் நிகழ்ச்சியாகக் கதையில் இயைகின்றது. ஆப்ரியின் படைப்பிரிவு பிரெஞ்சுத் தலைமையின்கீழ்ப் போரிட அனுப்பப்பட்டு, 369-ஆம் காலாட்படை எனப் பெயர்பெற்று, 191 நாட்கள் போர்முனையில் நின்றது. பிரெஞ்சு அரசு அதற்குப் போர்ச்சிலுவை விருது அளித்துச் சிறப்பித்தது. ஆயின் அப்படையினர்க்குப் பகைவர் ஜெர்மானியர் மட்டுமல்லர். தம் நாட்டு வெள்ளைப் படைஞரின் இனவெறுப்பும் அவர்களைத் தொடர்ந்தது. இவ்வுண்மையைப் புதினம் மறைக்கவில்லை. ஆப்ரியின் நண்பன் அவ்வெறுப்புக்கே இரையாகின்றான்.

3. ஓமர் இட்ட வித்து

பொன்வலை நிகழ்ச்சி ஆசிரியரின் கற்பனையன்று. ஓமரின் ஒடிசியில் எட்டாங் காண்டத்தில் தெமோதோகஸ் என்னும் கண்ணிலாப் பாணன் பியேசிய மன்னன் அவையில் இக்கதையைப் பாடுகின்றான். வலையில் அகப்பட்ட இருவரையும் கண்டு தெய்வங்கள் நகைக்கின்றன. அவையோரும் ஒடிசியஸும் மகிழ்கின்றனர். அங்கு அது முழுதும் நகைச்சுவைக்கதை. வலை அவிழ்ந்ததும் தெய்வங்கள் தத்தம் இடம் செல்கின்றன; எவர்க்கும் எவ்விழப்பும் இல்லை.

அக்காண்டத்தின் இறுதியில் மற்றொரு பாட்டு வருகின்றது. அதே பாணன் திராய் நகரின் அழிவைப் பாட, ஒடிசியஸ் அழுகின்றான். நகரைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த கணவன்மேல் விழுந்து கதறுபவளும், பகைவரால் அடிமையாக இழுத்துச் செல்லப்படுபவளுமாகிய ஒருத்தியின் அழுகையை ஓமர் அதற்கு உவமை கூறுகின்றார். போரில் வென்றவனது கண்ணீர்க்குத் தோற்றவள் கண்ணீர் உவமையாதல் உலக இலக்கியத்தின் அரிய இடங்களுள் ஒன்று. ஆக, ஒரே காண்டத்தில் தெய்வங்களின் காதல் நகையையும் மாந்தரின் போர் அழுகையையும் விளைக்கின்றது. தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாட்டுள் நகையும் அழுகையும் அடுத்தடுத்து நிற்றல் ஈண்டு நினையத்தகும்.

ஜூலி பெர்ரி செய்தது யாது? ஓமரில் பக்கம் பக்கமாக நின்ற இவ்விரு பாட்டையும் ஒன்றனுள் ஒன்றாக வைத்தார். நகைக்குரிய பொன்வலைக் கதையைப் புறத்தே நிறுத்தி, அழுகைக்குரிய போர்க்கதையை அதனுள்ளே பெய்தார். வலையில் அகப்பட்டவளே மாந்தர்க்காகப் பேசுகின்றாள். பேசப்பேச அவையின் நகை அடங்குகின்றது. படிப்பவர் பெறும் முதற்சுவை இம்மாற்றத்தினின்றே பிறக்கின்றது.

4. தமிழ் மரபில் காதலும் போரும்

காதல் போரை நாடுவது ஏன் என்னும் ஹெபஸ்டஸின் வினா தமிழ் இலக்கணத்தார்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் ஒவ்வோர் அகத்திணைக்கும் ஒரு புறத்திணையை இணைத்தார். குறிஞ்சிக்கு வெட்சியும், முல்லைக்கு வஞ்சியும், மருதத்திற்கு உழிஞையும், நெய்தலுக்குத் தும்பையும், பாலைக்கு வாகையும் புறமாயின. இவ்விணைப்பின் காரணங்களை உரையாசிரியர் பலவாறு விளக்குவர். எவ்வாறு விளக்கினும், காதலும் போரும் ஒரே வாழ்வின் அகமும் புறமும் என்பதே அடிப்படைக் கருத்து. மனைக்கண் இருந்து ஆற்றும் தலைவியின் முல்லையும், பகைமேற் சென்ற தலைவனின் வஞ்சியும் ஒரு நாளின் இரு முகங்கள்.

இவ்விரு முகத்தையும் ஒரு பாட்டிற் காட்டியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். அவர் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளால் ஆயது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. மறைமலையடிகள் 1903-இல் இதற்கு எழுதிய ஆராய்ச்சியுரை தமிழில் தனிப்பாட்டுத் திறனாய்வுக்கு வழிகாட்டிய நூல். கார்காலத்து மாலையில் தலைவி அரண்மனையில் வருந்துகின்றாள். தலைவன் பாசறையில் உறங்காதிருக்கின்றான். ‘லவ்லி வார்’ புதினத்தை நம்முன் வைத்து இப்பாட்டை மீண்டும் பயிலுங்கால் மூன்று செய்திகள் புதிதாகப் புலனாகின்றன.

முதலாவது, பாசறையில் யவனர் உளர். அரசனது இருக்கையை அமைத்துக் காப்பவர் அவரே. கிரேக்க நிலத்தினின்று வந்தாரெனப் பொதுவாகக் கருதப்படும் அம்மக்கள் தமிழ்ப் போர்க்காதற் பாட்டினுள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இடம்பெற்றுவிட்டனர்.

இரண்டாவது, தலைவனின் உறக்கமின்மைக்கு நப்பூதனார் காட்டும் காரணம் காதல் மட்டுமன்று. வாட்புண் பட்டுத் தம் பிடிகளையும் மறந்த களிறுகளையும், கடமை முடித்து மாய்ந்த மறவரையும், அம்பு தைத்த வருத்தத்தால் உணவு கொள்ளாத குதிரைகளையும் அவன் நினைக்கின்றான். காதலியைப் பிரிந்தவன் பிடியை மறந்த களிற்றை நினைத்தல் கருதத்தக்கது. புலவர் காதலைப் போரால் அழகு செய்யவில்லை. போர் காதலை மறக்கடிக்கும் கொடுமையைக் களிற்றின் வாயிலாக உணர்த்துகின்றார்.

மூன்றாவது, பாட்டுத் தெய்வத்தோடு தொடங்குகின்றது. கடலைப் பருகி எழுந்த முகிலுக்கு, கையில் நீர் வார்க்கப்பட்டவுடன் ஓங்கி நிமிர்ந்த மாயோன் உவமை. முல்லை நிலத்தின் தெய்வம் மாயோனே. அடுத்து, முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லைமலரும் தூவித் தெய்வத்தை வணங்கி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். அவர் செவியில் விழுந்தது தெய்வத்தின் குரலன்று. தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றை நோக்கி, தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் எனக் குளிரால் நடுங்கி நிற்கும் ஆய்மகள் ஒருத்தி கூறும் ஆறுதல் மொழியே அது. அம்மொழியை அவர் நற்சொல்லாகக் கொள்கின்றனர். தெய்வத்தை வினவினர், விடை தந்தவள் ஆய்மகள்.

5. தெய்வம் கருப்பொருளாதல்

மேற்கூறிய மூன்றாம் செய்தியே இக்கட்டுரையின் மையம். தொல்காப்பியர் கருப்பொருளை எண்ணத் தொடங்கியவர் தெய்வத்தையே முதற்கண் வைத்தார். ஆயினும் தெய்வம் கருப்பொருள், உரிப்பொருளன்று. முதலினும் கருவும், கருவினும் உரியும் பாட்டிற் சிறந்து நிற்கும் என்பது அவர் கொள்கை. உணவு, விலங்கு, மரம், புள், பறை ஆகியவற்றோடு ஒருங்கு எண்ணப்பட்ட தெய்வம், மாந்தரின் உணர்வுக்குச் சூழலும் சான்றும் ஆகி நிற்கும். உணர்வின் இடத்தைத் தான் கவர்ந்துகொள்ளாது. முல்லைப்பாட்டில் மாயோன் முகிலாய் ஓங்கி நின்று மழையைத் தருகின்றான். காத்திருத்தல் தலைவியின் தொழிலாகவே இருக்கின்றது.

தெய்வப் பாத்திரங்கள் போரைச் சொல்லும் மரபும் நம்மிடம் உண்டு. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் கருணாகரத் தொண்டைமானின் கலிங்கப் போரைக் காளிக்கு எடுத்துரைப்பது பேய். அந்நூலும் ஊடிய மகளிரைக் கதவு திறக்க வேண்டும் கடைதிறப்பாகிய காதற்பகுதியை முன்வைத்தே போருக்குச் செல்கின்றது. சொல்பவரும் கேட்பவரும் மாந்தர் அல்லர். சொல்லப்படும் போர் மாந்தருடையது. அமைப்பளவில் பரணியும் ‘லவ்லி வார்’ புதினமும் உறவுடையன. ஆயின் பரணியில் காளியும் பேயும் போரால் பசி தீர்கின்றனர்; அவர்கட்குப் போர் விருந்து. அப்ரோடைட்டிக்குப் போர் விருந்தன்று. அவள் தன் கதை மாந்தரைக் கண்டு பொறாமையும் இரக்கமும் ஒருங்கே கொள்கின்றாள்.

அப்பொறாமையே நூலின் உயிர்நிலை. தெய்வங்கட்கு இறப்பில்லை. இலியத்தின் ஐந்தாங் காண்டத்தில் தியோமிதஸ் என்னும் வீரன் அப்ரோடைட்டியையும் ஏரஸையும் புண்படுத்துகின்றான். அப்புண் விரைவில் ஆறிவிடுகின்றது. ஆறாத புண் மாந்தர்க்கே உரியது. ஜேம்ஸ் உடலால் மீண்டும் உள்ளத்தால் மீளாது, ஹேசலின் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிகின்றான். ஹேசல் குண்டுவீச்சில் முகம் வடுப்படுகின்றாள். ஆப்ரி தன் நண்பன் கொலையுண்ட துயரத்தால் கொலெட்டுக்கு மடல் எழுதுதலை நிறுத்துகின்றான். கொலெட் மீண்டும் ஒருவனை நேசித்தால் மீண்டும் இழக்கவேண்டுமே என அஞ்சுகின்றாள். ஒருவர் வடுவை மற்றவர் கண்டும் விலகாமை என்பது இறப்பில்லாத் தெய்வங்கட்கு எட்டாத நிலை. அழகே வடிவான அப்ரோடைட்டி, கால் ஊனமுற்ற கணவன்முன் இதனைச் சொல்கின்றாள் என்பதே புறவடுக்கின் பொருத்தம். ஹெபஸ்டஸின் ஊனம் ஓமரில் நகைக்கு இடமாயிற்று. இங்கு அஃது அன்பைப் புரிந்துகொள்ளும் வாயிலாகின்றது.

தெய்வங்கள் தத்தம் பகுதியைத் தாமே சொல்லும் முறையும் இவ்வகையிற் பயன் தருகின்றது. போர்முனையை ஏரஸ் கூறுங்கால் சொற்கள் குறுகி வெறுமையுறுகின்றன. ஹேடஸ் கூறுமிடத்து எதிர்பாராத மென்மை காணப்படுகின்றது. இறந்தார் எல்லாரையும் அறிந்தவன் அவனே அன்றோ? திணைக்கேற்பத் தெய்வம் வேறுபடுதல் போல, நிகழ்ச்சிக்கேற்பச் சொல்லும் தெய்வம் வேறுபடுகின்றது. தமிழ் மாணாக்கர்க்கு இம்முறை அயலதாகத் தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

6. சுவை குன்றும் இடம்

நூலின் குறையும் இவ்வளவுகோலாலேயே புலப்படும். கருப்பொருள் உரிப்பொருளின் இடத்தைக் கவருமிடத்துச் சுவை கெடுகின்றது. ஹேசல் சாவின் விளிம்பில் கிடக்குங்கால் அப்ரோடைட்டி ஹேடஸிடம் அவள் உயிரை இரந்து கேட்கின்றாள். அவ்விடம் உருக்கமானதே. ஆயினும் படிப்பவர் மனத்தில் ஒரு வினா எழாதிராது. ஒருத்திக்காக இரந்த தெய்வம் தினான் நகரத்து 674 பேர்க்காக ஏன் இரக்கவில்லை? ஆப்ரியின் நண்பனுக்காக ஏன் வாய் திறக்கவில்லை? சான்றாக நிற்குமளவும் தெய்வத்தை இவ்வாறு வினவ நமக்குத் தோன்றுவதில்லை. முகிலாகிய மாயோனைத் தலைவனை ஏன் அழைத்து வரவில்லை என எவரும் கேளார். தெய்வம் கதையில் கைந்நீட்டத் தொடங்கிய அந்நொடியே அதன் நடுநிலை வழக்குக்கு உள்ளாகின்றது.

மற்றொரு குறை, தெய்வங்களின் குறும்பு மொழிகள் சிலவிடத்து நிகழ்ச்சியின் கனத்தைக் குறைத்தல். அகவடுக்கில் அழுகை முற்றுமுன் புறவடுக்கிற்கு இழுக்கப்படும் படிப்பவர் சற்று ஏமாற்றம் அடைதல் இயல்பு. இருப்பினும் நூல் பெரிது. இத்தகைய இடங்கள் சில.

7. யவன ராணி: ஓர் ஒப்புநோக்கு

தமிழில் இதனோடு ஒருவகையால் ஒப்பிடத்தக்கது சாண்டில்யனின் ‘யவன ராணி’. கரிகாலன் காலத்தைக் களமாகக் கொண்ட அவ்வரலாற்றுப் புதினத்தில் புகார்க் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த யவன மங்கையைப் படைத்தலைவன் இளஞ்செழியன் காண்கின்றான். கடல் தந்த அழகி என்னும் தோற்றம் கடல்நுரையிற் பிறந்த அப்ரோடைட்டியை நினைவூட்டும். ஆயின் ஒப்புமை அம்மட்டில் நிற்கின்றது. அந்நூலில் யவன மக்கள் உளர். யவனத் தெய்வங்கள் கதையை நடத்தவில்லை. வீரமும் சூழ்ச்சியும் மயக்கும் அழகுமே அதன் சுவைகள். வாள் எடுத்தவன் மேம்பட்டவன். போர் அவன் புகழ்க்கு மேடை. ‘லவ்லி வார்’ புதினத்திலோ போர் எவர் புகழ்க்கும் மேடையாகவில்லை. குறிதவறாது சுடும் திறனுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜேம்ஸ் அத்திறனாலேயே உள்ளம் உடைகின்றான். இரண்டு நூலையும் ஒருசேரப் பயிலும் மாணாக்கர், போர்க்காதற் புதினம் என்னும் ஒரே பெயரின்கீழ் நேர்மாறான இரு நோக்கங்கள் இயங்குதலை எளிதின் உணர்வர். யவன ராணி தரும் இன்பத்தை யாம் இகழவில்லை. அதன் ஓட்டமும் கடற்காட்சிகளும் தலைமுறை தலைமுறையாகத் தமிழரைப் படிப்பின்பால் ஈர்த்தன. இருவகை இன்பமும் ஒன்றல்ல என்பதே எம் கருத்து.

8. நடுகல்லின் முன்

தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்திற்கு இனி மீள்வோம். போரைத் தெய்வத்தாலும் காதலாலும் அழகு செய்தல் தக்கதா?

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியர் நடுகல்லுக்கு ஆறு நிலைகள் கூறினார். அச்சடங்கின் வழித்தோன்றல்களாகிய கற்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் இன்றும் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் பல காக்கப்படுகின்றன. அடுக்குகளாகப் பகுத்துச் செதுக்கிய கற்களில் கீழடுக்குப் போர். நடுவடுக்கில் வீரனை ஏந்திச் செல்லும் தெய்வமகளிர். மேலடுக்கில் அவன் இறைவன் திருமுன் இருக்கும் நிலை. கீழிருந்து மேலாகக் கண்ணை ஓட்டுங்கால் இறப்பு இனிதாகின்றது. உயிர்நீத்தவன் சுற்றத்தார்க்கு அவ்வாறுதல் தேவையாயிருந்தது; அதனைக் குறைகூறல் நம் வேலையன்று.

ஆயின் இப்பகுதியில் மற்றொருவகைக் கல்லும் உண்டு. வீரனுக்கு அருகில் அவன் மனைவியும் நிற்பாள். அவனோடு அவளும் உயிர்நீத்தாள் என்பது பொருள். அங்குக் காதலின் சான்று சாவே. பெண்ணுக்குக் கல்லில் இடம் கிடைப்பது அவள் இறந்தமையால். இறவாது எஞ்சி, வரகோ கேழ்வரகோ விதைத்துப் பிள்ளைகளை வளர்த்த எண்ணற்ற பெண்களுக்குக் கல் இல்லை. புறநானூற்றின் 278-ஆம் பாட்டில் களத்திற் சென்று மகனது உடலைத் தேடும் முதியவளும் நமக்குக் கிடைப்பது புலவர் பாடியமையாலேயே.

‘லவ்லி வார்’ போன்ற புதினம் செய்யத்தக்க அறம் இவ்விடத்தே உளது. ஹேசலும் கொலெட்டும் எஞ்சுகின்றனர். வடுவோடும் அச்சத்தோடும் எஞ்சி, மீண்டும் அன்பு செய்யத் துணிகின்றனர். தெய்வம் அவர்களை விண்ணுக்கு ஏந்திச் செல்லவில்லை. அருகிருந்து அவர்கள் வாழ்ந்ததைச் சொல்கின்றது. நடுகல்லின் தெய்வமகளிர் இறந்தவனை மண்ணினின்று பெயர்க்கின்றனர். இப்புதினத்தின் தெய்வமகள் மாந்தரை மண்ணிலேயே விட்டுத் தான் அவர்பால் இறங்கி வருகின்றாள். போரை அழகு செய்யும் குற்றம் முன்னதற்கே பெரிதும் பொருந்தும். பின்னது அக்குற்றத்தினின்று பெரும்பாலும் தப்பியது. ஹேடஸிடம் இரந்த இடத்தில் மட்டும் சிறிது வழுக்கியது.

முதல் உலகப்போர் நமக்கு அயலார் போரன்று என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியது. இந்தியாவினின்று பத்து இலக்கத்திற்கும் மேற்பட்டோர் கடல்கடந்து அப்போரிற் பணியாற்றினர்; எழுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் மடிந்தனர். பிரான்சில் நியூவ் சாப்பெல் என்னுமிடத்தில் 1927-இல் அவர்க்கு நினைவகம் எழுப்பப்பட்டது. அவர்தம் மனைவியரும் காதலியரும் காத்திருந்த மாலைகளைப் பாட நப்பூதனார் ஒருவர் நமக்குத் தேவை. அயல்மொழிப் புதினம் ஒன்றைச் சுவைத்தலின் பயன் இத்தேவையை உணர்தலும் ஆம்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. போர்க்காதற் புதினத்துள் தொன்மம் கருப்பொருளாக நின்று மாந்தரின் உணர்வுக்குச் சான்று பகருமளவும் அது சுவையை மிகுவிக்கின்றது. உரிப்பொருளின் இடத்தைக் கவர்ந்து கதையைத் தானே நடத்தத் தொடங்கின் சுவை குன்றுகின்றது. அறமும் ஐயத்திற்கு உள்ளாகின்றது. இவ்விலக்கணத்தைத் தொல்காப்பியர் வகுத்தார். நப்பூதனார் 103 அடிகளிற் காட்டினார். ‘லவ்லி வார்’ பெரும்பாலும் காத்தது. ஆதலின் இந்நூலைப் படித்து இன்புற்ற மாணாக்கர் அவ்வின்பத்திற்காக நாணவேண்டுவதில்லை. அவ்வின்பத்தின் காரணத்தை ஆராய்ந்து அறிதலே அவர் கடன்.

குந்தாரப்பள்ளியில் வாரந்தோறும் கால்நடைச் சந்தை கூடுகின்றது. ஆநிரைக்காக உயிர்விட்டார்க்குக் கல்நட்ட மரபினையுடைய நாட்டில் இன்று ஆடும் மாடும் விலைபேசிக் கைமாறுகின்றன. சந்தை கலைந்த மாலையில், தாயைப் பிரிந்த கன்றொன்று கயிற்றிற் கட்டுண்டு கத்த, அதனைத் தடவிக்கொடுத்து நின்றாள் ஒரு சிறுமி. அவள் தெலுங்கில் சொன்ன ஆறுதல் மொழி எமக்கு முழுதும் விளங்கவில்லை. முல்லைப்பாட்டின் முதுபெண்டிர் கேட்டு நின்ற நற்சொல் அத்தகையதே என்பது மட்டும் விளங்கிற்று.